மூலத்தைப் பார்!



முதலாண்டில் நான் வாங்கிய திட்டிலிருந்து தொடங்குகிறேன். சீனியர் ஒருவரின் ரெக்கார்டை அப்படியே காப்பி அடித்திருந்தேன். மைல்ட் ஸ்டீலின் யங் குணகம், சதுர மில்லிமீட்டருக்கு 20 லட்சம் நியூட்டன் என்று இருந்தது. "இரும்பு பத்து மடங்கு விறைப்பா ஆயிடுச்சாப்பா?" என்றார் ஆசிரியர். "எல்லாரும் இப்படித்தான் சார் எழுதியிருக்காங்க" என்றேன். ரெக்கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

பழைய ரெக்கார்டுகளைத் தேடிப் பார்த்தேன். சதுர சென்டிமீட்டருக்கு 20 லட்சம் கிலோ என்று ஒன்றில் சரியாகவே இருந்தது. இடையில் யாரோ அலகை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை விட்டுவிட்டார். பின்னால் வந்த நாங்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினோம்.

பிறகு நூலகத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றிப் படித்தபோதுதான், இதே வேலையைச் செய்தே புகழ் பெற்றவர்கள் உண்டு என்று தெரிந்தது. அவர்களே மனிதநேய அறிஞர்கள். இலக்கணம், சொற்கலை, வரலாறு, கவிதை, அறவியல் ஆகிய 5 பாடங்களும் மனிதனைப் பண்படுத்தும் என்று நம்பியவர்கள். பெட்ரார்க் 1345இல் வெரோனா நகரில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். போஜ்ஜோ 1416இல் செயின்ட் கால் மடாலயத்தில் குவின்டிலியனின் முழு நூலையும் கண்டார். ஆனால் ஏடு கிடைத்தால் மட்டும் போதுமா? கையால் எழுதிய பிரதிகளில் ஒருவர் விட்ட பிழை அடுத்தவருக்கும் போகும். அதனால் பல பிரதிகளை ஒப்பிட்டு, மூலம் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்தார்கள்.

அதன் உச்சம் லோரென்சோ வல்லா. 4ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோமையும் மேற்குப் பேரரசையும் போப்பாண்டவருக்குத் தானமாகக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. பல நூற்றாண்டுகள் அதைக் காட்டி உரிமை பேசினார்கள். 1440இல் வல்லா அதை வரிவரியாகப் படித்தார். பாரசீக ஆளுநரைக் குறிக்கும் 'சத்ராப்' என்ற சொல் ரோமானிய சாசனத்தில் எப்படி வந்தது? கான்ஸ்டான்டிநோபிள் நகரம் எழும்பும் முன்பே அதற்கு ஒரு மதத் தலைவர் எப்படி இருக்க முடியும்? லத்தீன் நடையும் அந்தக் காலத்தது அல்லவே! சாசனம் போலி என்று நிறுவினார். அது 8ஆம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்பது இன்றைய அறிஞர்கள் கருத்து.

அவர் அப்போது அரகான் மன்னர் அல்ஃபோன்சோவிடம் வேலை பார்த்தார். மன்னருக்கும் போப்பாண்டவருக்கும் பகை. அந்த நிழல் இருந்ததால்தான் துணிந்தார் என்றும் சொல்லலாம். 1444இல் மத விசாரணையில் மாட்டிக்கொண்டபோது காப்பாற்றியதும் மன்னர்தான். ஆனாலும் அவர் காட்டிய ஆதாரங்கள் மன்னரின் தயவில் நிற்கவில்லை. படிக்கத் தெரிந்த யாரும் சரிபார்க்கலாம்.

வல்லா பார்த்தது காலத்துக்குப் பொருந்தாத சொல்லை. என் ரெக்கார்டில் இருந்தது அலகுக்குப் பொருந்தாத எண். பார்க்கும் கண் ஒன்றுதான். நாளை நாம் போடும் பாலத்தின் மேல் ஜனங்கள் நடப்பார்கள். அங்கே போய், "எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க" என்று சொல்ல முடியுமா?

ஜூனியர் தம்பி தங்கைகளே, என் ரெக்கார்டு வேண்டுமா? தாராளமாகத் தருகிறேன். ஆனால் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் வந்து சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன்.