பிள்ளை சோம்பேறியா, பார்வைக் குறையா?



கடைக்கு வரும் சரக்கைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எடை போட்டுத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகிய பிள்ளைகளின் கண்ணை ஒருநாளாவது சோதித்துப் பார்த்திருக்கிறோமா? நான் சோதிக்கவில்லை. என் மகன் 9 வயதில் ஓதும்போது வரியை விட்டுவிட்டுத் தாவினான். பள்ளிக்கூடத்தில் பலகையைப் பார்த்துத் தப்பும் தவறுமாக எழுதி வந்தான். விளையாட்டுப் புத்தி என்று ஏசினேன். ஒருநாள் கையும் ஓங்கிவிட்டேன். பிறகுதான் கண்ணாடி வாங்கினோம். அதை மாட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தவன், "அத்தா, பலகையில நம்ம கடைப் பேருக்குக் கீழே இன்னொரு வரி இருக்குதே!" என்றான். அந்த வரி அவன் பிறப்பதற்கு முன்பே எழுதியது.

பிள்ளை ஏன் நம்மிடம் சொல்வதில்லை? எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று அது நினைத்துக்கொள்கிறது. ஆகவே கண்டுபிடிப்பது நம் பொறுப்பு.

இது அபூர்வமான குறையுமன்று. 2003ஆம் ஆண்டு சிலாங்கூரில் கோம்பாக் மாவட்டத்துப் பிள்ளைகளைச் சோதித்தபோது, கிட்டப்பார்வை 7 வயதில் சுமார் 10 பேரில் ஒருவருக்கும், 15 வயதில் சுமார் 3 பேரில் ஒருவருக்கும் இருந்தது. கண்ணாடி தேவைப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அது இல்லாமலே இருந்தனர்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்தல், தூரத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தல், தலையைச் சாய்த்துப் பார்த்தல், அடிக்கடி கண்ணைக் கசக்குதல், படித்தபின் தலைவலி, பஸ் நம்பர் கிட்டே வந்த பிறகே தெரிதல்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரில் நாட்காட்டியை மாட்டி, தூரத்தில் நின்று வீட்டார் படிக்கும் எழுத்தைப் பிள்ளையும் படிக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க வேண்டும். ஒரு கண் நன்றாயிருந்தால் மற்றக் கண்ணின் குறையை அது மறைத்துவிடும். அப்படிச் சிறுவயதில் கவனியாது விட்ட கண், பிற்காலத்தில் கண்ணாடி போட்டாலும் தெளியாமல் போகக்கூடும். சந்தேகம் வந்தால் கண் பரிசோதகரிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். மாறுகண் இருந்தாலும், கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் ஒருநாளும் தாமதிக்கலாகாது. பள்ளிக்கூடத்தில் சோதித்துக் கடிதம் கொடுத்தனுப்பினால் அதை மடித்து வைத்துவிடாதீர்கள்.

"கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும்", "பெண் பிள்ளைக்குக் கண்ணாடி எதற்கு?" என்போர் நம்மில் உண்டு. இரண்டும் தவறு. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழி சற்று நீண்டுவிடுவதால், உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுவதாகும். கண்ணாடி அதைச் சரியான இடத்தில் விழச் செய்கிறது, கண்ணைக் கெடுப்பதில்லை. சுர்மா இட்டால் நீண்ட விழி குறுகாது. சில சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பதால் பிள்ளைகளுக்கு அதைத் தவிர்ப்பதே நலம். பெண் பிள்ளையும் ஓதவேண்டும், படிக்கவேண்டும். அவள் கண்ணும் கண்தான்.

வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தைவான் நாட்டுப் பள்ளிகளில் 2010 முதல் நாளுக்கு 2 மணி நேரம் பிள்ளைகளை வெளியில் விடும்படி ஊக்குவித்து வருகிறார்கள். நமக்குப் பாடாங் கோத்தா இருக்கிறது, தண்ணீர்மலைத் தோட்டம் இருக்கிறது. கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்லி அழைத்துப் போங்கள்.

பிள்ளையை ஏசுவதற்கு முன் அதன் கண்ணைப் பாருங்கள். இன்று இரவே நாட்காட்டியின் முன் நிறுத்திப் பாருங்கள். நம் மக்களின் பார்வையையும் கல்வியையும் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.