வளைந்த கம்பியின் வெப்பம்

தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் வேலி கட்டுவோர், கம்பியை ஓரிடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்து முறிப்பர். முறிந்த இடம் கையைச் சுடும். சிறிதே வளைந்த கம்பி, விட்டதும் நிமிரும், அது மீட்சி. எல்லை கடந்தால் வளைவு நிலைக்கும். அது மீட்சியற்ற உருமாற்றம்.

அதற்குச் செலவான உழைப்பு எங்கே சென்றது? 1934இல் டெய்லர், குவின்னி இருவரும் உலோகத் தண்டுகளை முறுக்கி அளந்தனர். உழைப்பின் பெரும்பகுதி வெப்பமானது. எஞ்சியது அணு அடுக்குகளின் பிறழ்வுகளில் தங்கியது. இக்கணக்கு வெப்ப இயக்கவியலின் முதல் விதி. வெளியேறிய வெப்பம் தானே திரும்பிக் கம்பியை நிமிர்த்தாது என்பது இரண்டாம் விதி.

பிறழ்வுகள் பெருகினால் உலோகம் இறுகி, விரிசல் காணும். ஆதலின், வளைந்த கொக்கியைத் தட்டி நிமிர்த்திக் கிணற்றில் மோட்டார் இறக்குதல் ஆபத்து. உருவம் மீண்டாலும் உலோகம் மீளவில்லை.