ஒரே பெயர், இரண்டு அளவு

இடைநிலைப்பள்ளி ஒன்றின் தமிழ்மொழிக் கழக மாணவர்கள், தோட்டத்தில் பால்மரம் சீவிய முதியவர்களைச் சந்தித்து, அவர்களின் அனுபவங்களைக் காணொலியாகப் பதிவு செய்தனர். எல்லாப் பதிவுகளும் பள்ளிக் கணினியில் இருந்தன. மறுநாள் அக்கணினியில் உள்ள கோப்புகள் அனைத்தும் அழிக்கப்பட்டுப் புதிய மென்பொருள் நிறுவப்படவிருந்தது.

பதிவுகளின் மொத்த அளவு 61 ஜிகாபைட் எனக் கணினி காட்டியது. எனவே, மாணவர்கள் 64 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றை வாங்கி வந்து படியெடுக்கத் தொடங்கினர். ஒரே ஒரு கோப்பு எஞ்சியிருந்தபோது, ‘இடம் போதவில்லை’ என்ற அறிவிப்பு திரையில் தோன்றியது. எஞ்சியிருந்தது, தோட்டத்திலேயே வயதில் மூத்த பாட்டியின் பேச்சு.

மாணவி ஒருத்தி பென்டிரைவின் கொள்ளளவைப் பார்த்தாள். 59.6 ஜிகாபைட் என்றிருந்தது.

“ஐயா, உறையில் 64 என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே 59.6தான் இருக்கிறது. கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டாரா?” என்று கேட்டாள்.

“கடைக்காரர் மீது தவறில்லை. கணினி சொல்வதும் சரிதான். இருவரும் வெவ்வேறு படியால் அளக்கிறார்கள்,” என்றார் ஆசிரியர்.

கணினி எல்லாத் தரவுகளையும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களாகவே சேமிக்கிறது. அவற்றுள் ஓர் இலக்கம் ஒரு பிட் ஆகும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். இன்று பரவலாகப் பயன்படும் யூ.டி.எஃப்.-8 முறையில், ஆங்கில எழுத்து ஒன்றைச் சேமிக்க ஒரு பைட் போதும். ‘அ’ என்னும் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன. ஆகவே, அச்சொல் 15 பைட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது.

இதுவரை குழப்பமில்லை. ‘கிலோ’ என்ற சொல் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அளவை முறையில் கிலோ என்றால் 1,000. ஒரு கிலோமீட்டர் 1,000 மீட்டர். கணினியோ இரண்டின் மடங்குகளில் இயங்குகிறது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 கிடைக்கும். இது 1,000க்கு மிக அருகில் இருந்ததால், கணினித் துறையினர் 1,024 பைட்டுகளையும் கிலோபைட் என்றே அழைத்தனர். இவ்வாறு ஒரே பெயருக்கு இரண்டு அளவுகள் ஏற்பட்டன.

கிலோபைட்டில் இந்த வேறுபாடு 2.4 விழுக்காடுதான். ஒவ்வொரு படியாக மேலே செல்லச் செல்ல அது வளர்கிறது. மெகாபைட்டில் ஏறத்தாழ 4.9 விழுக்காடாகவும், ஜிகாபைட்டில் 7.4 விழுக்காடாகவும், டெராபைட்டில் 10 விழுக்காடாகவும் உயர்கிறது.

பென்டிரைவ் தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகின்றனர். அவர்களுக்கு ஒரு ஜிகாபைட் என்பது 1,000,000,000 பைட். விண்டோஸ் கணினிக்கோ அது 1,024 × 1,024 × 1,024, அதாவது 1,073,741,824 பைட். எனவே, உறையில் உள்ள அளவைக் கணினி காட்டும் அளவாக இப்படி மாற்றலாம்:

64,000,000,000 ÷ 1,073,741,824 = 59.6

இத்தகைய குழப்பம் நமக்குப் புதிதன்று. பழந்தமிழர் முகத்தலளவையிலும் இரண்டின் மடங்குகள் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆனால், படியின் அளவு ஊருக்கு ஊர் மாறுபட்டது. நெல் வாங்குபவர், எந்த ஊர்ப் படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க, 1998ஆம் ஆண்டில் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் புதிய பெயர்களை வகுத்தது. 1,024 பைட் ஒரு கிபிபைட். 1,024 கிபிபைட் ஒரு மெபிபைட். 1,024 மெபிபைட் ஒரு ஜிபிபைட். எனினும், விண்டோஸ் இன்றும் ஜிபிபைட்டை ‘ஜிகாபைட்’ என்றே காட்டுகிறது. ஆப்பிள் நிறுவனமோ 2009 முதல் தன் மெக்கின்டாஷ் கணினிகளில் ஆயிரத்தின் மடங்கிற்கு மாறிவிட்டது. ஒரே பென்டிரைவ் இரு கணினிகளில் இரு எண்களைக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

இணைய வேகத்திலும் கவனம் தேவை. அது பெரும்பாலும் பைட்டில் அல்லாமல் பிட்டில் குறிக்கப்படுகிறது. வினாடிக்கு 100 மெகாபிட் என்றால், எட்டால் வகுக்க வேண்டும். வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் கிடைக்கும்.

ஆசிரியர் விளக்கி முடித்ததும், அம்மாணவி தாளும் எழுதுகோலும் எடுத்தாள். கணினி காட்டிய 61 ஜிகாபைட்டை 1,073,741,824ஆல் பெருக்கினாள். ஏறத்தாழ 65,500,000,000 பைட் என்று வந்தது. 64 என்று எழுதப்பட்ட எந்தப் பென்டிரைவிலும் அது அடங்காது. 128 என்று எழுதப்பட்டதில் 119.2 ஜிகாபைட் இடம் இருக்கும் என்பதையும் கணக்கிட்டாள்.

கடை மூடுவதற்குள் மாணவர்கள் அதை வாங்கி வந்தனர். இம்முறை எந்த அறிவிப்பும் தோன்றவில்லை. கடைசிக் கோப்பைத் திறந்து பார்த்தனர். திரையில் பாட்டி பேசத் தொடங்கினார்.