பத்துக்கு எட்டு: ஒரு பொட்டலக் கணக்கு

பொருளியல் பாடநூல்களில் 'நிரப்புப் பண்டங்கள்' என்னும் பகுதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பேனாவும் மையும், காரும் பெட்ரோலும், தேநீரும் சர்க்கரையும் என்பனவே எடுத்துக்காட்டுகள். ஒன்றின் விலை ஏறினால் மற்றதன் தேவை குறையும் என்று எழுதிக் கீழே ஒரு வரைபடமும் போட்டுவிட்டால் மதிப்பெண் உறுதி. ஆனால் இவ்வெடுத்துக்காட்டுகளில் ஒரு கேள்வி எழுவதே இல்லை. ஒரு புட்டி மைக்கு எத்தனை பேனா என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒன்றுக்கு ஒன்று எனக் கண்டிப்பாகப் பொருந்த வேண்டிய இரண்டு பண்டங்களை, இரண்டு தொழில்கள், இரு வேறு எண்ணிக்கையில் கட்டி விற்றால் என்ன ஆகும்? இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்க நாட்டில் இருக்கிறது. பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், வகுப்பில் படித்த பல செய்திகளை எனக்கு நன்கு விளங்க வைத்தது அதுவே.

'ஹாட் டாக்' என்னும் உணவுப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் சிரிப்புத்தான் வரும். அரைத்துப் பதப்படுத்திய மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழியிறைச்சி ஆகியவற்றுள் ஒன்றையோ அவற்றின் கலவையையோ குழல் வடிவில் செய்து, சூடாக்கி, நெடுக்குவாட்டில் பிளந்த நீள பன்னுக்குள் வைத்து, கடுகுச் சாந்தோ தக்காளிச் சாஸோ இட்டு உண்பதே அது. குழலாகிய சாசேஜை பிராங்க்பர்ட்டர் என்றும் வீனர் என்றும் சொல்வர். முன்னது ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரையும் பின்னது ஆஸ்திரியாவின் வியன்னாவையும் குறிக்கும் பெயர்கள். குடியேறிய மக்களோடு கடல் கடந்து வந்த உணவு என்பதற்கு இப்பெயர்களே சான்று. நியூயார்க் நகரின் கோனி தீவில், போலந்திலிருந்து வந்த நேதன் ஹாண்ட்வெர்க்கர் 1916-இல் ஒரு சிறு கடை வைத்து ஐந்து சென்ட்டுக்கு ஒன்று என விற்றுப் பெயர் பெற்றார். இன்னொரு செய்தியும் நம் மலருக்குப் பொருத்தமானது. 'ஹாட் டாக்' என்ற சொல் அச்சில் காணப்படும் பழைய இடங்களுள் ஒன்று, 1895-இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக மாணவர் இதழ். மாணவர்களின் குறும்புப் பேச்சு அகராதி ஏறுவது இன்று நேற்று நடப்பதன்று!

இனிக் கணக்குக்கு வருவோம். அமெரிக்கக் கடைகளில் சாசேஜ் பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் பத்து இருக்கும். பன் பொட்டலத்தில் எட்டு இருக்கும். ஒரு பொட்டலம் இதுவும் ஒரு பொட்டலம் அதுவும் வாங்கினால் இரண்டு சாசேஜுக்குப் பன் இல்லை. அந்த இரண்டுக்காக மேலும் ஒரு பன் பொட்டலம் வாங்கினால் ஆறு பன் மீதி. மிச்சமே இல்லாமல் முடிய வேண்டுமானால் பத்துக்கும் எட்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு காண வேண்டும். அது நாற்பது. நான்கு பொட்டலம் சாசேஜும் ஐந்து பொட்டலம் பன்னும் வாங்கி நாற்பது ஹாட் டாக் செய்தால் கணக்குத் தீரும். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் தலைக்குப் பத்து! ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு எதற்குப் பயன்படும் என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

இதனைக் கண்டதும் எவருக்கும் முதலில் தோன்றுவது, இது முதலாளிகளின் சூழ்ச்சி என்பதே. 1991-இல் வெளிவந்த 'ஃபாதர் ஆஃப் த பிரைட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், மகளின் திருமணச் செலவால் மனம் குழம்பிய தந்தையாக ஸ்டீவ் மார்ட்டின் நடித்திருப்பார். அப்படத்தில் சாசேஜ் எட்டு, பன் பன்னிரண்டு. அவர் கடையிலேயே பொட்டலங்களைப் பிரித்து, வேண்டாத நான்கு பன்களை எடுத்துப் போடுகிறார். கடைக்காரர்கள் கேட்டதும், சாசேஜ் கம்பெனிப் பெரியவரும் பன் கம்பெனிப் பெரியவரும் கூடிப் பேசி மக்களை ஏமாற்றுகிறார்கள் என்று வாதிடுகிறார். முடிவு சிறைச்சாலை. அமெரிக்க மக்கள் அக்காட்சியை இன்றும் நினைவு கூர்வதற்குக் காரணம், அவர் மனத்தில் இருந்தது அவர்கள் மனத்திலும் இருந்ததே.

ஆனால் சூழ்ச்சி என்ற வாதம் பொருளியல் ஆராய்ச்சியில் நிற்பதில்லை. ஒரு கூட்டுச் சூழ்ச்சி நிலைக்க வேண்டுமானால் இரு தரப்புக்கும் ஆதாயம் வேண்டும். சாசேஜ் பத்தாக இருப்பதால் மக்கள் இரண்டாவது பன் பொட்டலம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த இலாபம் பேக்கரிக்காரருக்குப் போகிறது. சாசேஜ் செய்தவருக்கு அதில் ஒரு சென்ட்டும் இல்லை. மீதி ஆறு பன்னுக்காக மறுபடியும் சாசேஜ் வாங்குவார்கள் எனலாம். ஆனால் அதற்குள் பன் காய்ந்துபோகும் என்பதையும் எண்ண வேண்டும். மேலும், ஒருவர் தம் எண்ணிக்கையை மாற்றி 'எங்கள் பொட்டலம் சரியாகப் பொருந்தும்' என்று விளம்பரம் செய்தால் வாடிக்கையாளர் அவர் பக்கம் சாய்வர். ஆகவே சூழ்ச்சியை உடைப்பதில்தான் ஆதாயம் மிகுதி. பாடநூல்களில் முழு நிரப்புப் பண்டத்திற்கு இடது செருப்பையும் வலது செருப்பையும் காட்டுவார்கள். அவை ஏன் பிசகுவதில்லை? இரண்டையும் ஒரே கைதான் செய்கிறது; சோடியாகவே விற்கிறது. சாசேஜும் பன்னும் உண்பவன் கையில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. அதுவரை அவற்றின் பாதைகள் முற்றிலும் வேறு.

முதலில் இறைச்சியின் பாதை. இறைச்சி என்றும் எடையால் விற்கப்படும் பொருள். கசாப்புக் கடையில் சாசேஜ் மாலை மாலையாகத் தொங்கும். வேண்டிய அளவு அறுத்துத் தராசில் போட்டுக் கொடுப்பார்கள். ஆட்டுக் குடலை உறையாகக் கொண்டு செய்த காலத்தில் ஒன்றைப் போல் மற்றொன்று பருமனில் இராது. ஆகவே 'இத்தனை' என்று எண்ணி விற்பதற்கே இடமில்லை. சிகாகோ நகரில் எர்வின் பிராய்ண்ட் 1925-இல் நிறுவிய விஸ்கிங் நிறுவனம் செல்லுலோஸால் ஆன உறையைச் செய்து விற்றது. அந்த உறையில் இறைச்சியை நிரப்பி வேகவைத்து, பிறகு உறையை உரித்துவிடுவர். ஒரே பருமன், ஒரே நீளம், ஒரே எடை! எண்ணிக் கட்டுவதற்கு வேண்டிய முதல் தேவை இதனால் நிறைவேறியது. ஏறத்தாழ 1940 முதல், இன்று நாம் அறிந்த வகையில் கடைப் பொட்டலங்களாக விற்கத் தொடங்கியபோது, உற்பத்தியாளர்கள் பழைய எடை வழக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு பொட்டலம் என்றால் ஒரு பவுண்டு. நம் பாட்டிமார் ராத்தல் என்பார்களே, அதுதான். பவுண்டுக்குப் பத்து என்பது அவர்கள் தேர்ந்த அளவு. பவுண்டு என்பது பதினாறு அவுன்ஸ் ஆதலால் ஒரு சாசேஜ் 1.6 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 45 கிராம்.

இங்கே எனக்கு ஒரு வியப்பு. பதினாறு அவுன்ஸை எட்டாகப் பங்கிட்டால் இரண்டு அவுன்ஸ் வீதம் ஒழுங்காக வரும். பத்தாகப் பங்கிட்டால் பின்னம் வரும். ஆக, எடைக் கணக்கின் இயல்பே அவர்களை எட்டுக்கு இழுத்திருக்க வேண்டும். அவர்களோ பத்தைப் பிடித்தார்கள். கைக்கும் வாய்க்கும் ஏற்ற உருவம் எது என்று பார்த்தார்களேயன்றி, பேக்கரியில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

பேக்கரியிலோ எடைக்கு அரசாட்சி இல்லை. அங்கே ஆள்வது ட்ரே. பெரிய பேக்கரிகளில் பிசைந்த மாவைத் துண்டுகளாக்கி, உருட்டி, குழிகள் உள்ள உலோக ட்ரேக்களில் இட்டு, ஈஸ்ட்டினால் பொங்கவிட்டு அடுப்புக்குள் அனுப்புகிறார்கள். நீள பன்கள் நான்கு நான்காக ஒன்றோடொன்று ஒட்டி வேகும். இரண்டு நான்குகள் கொண்ட ட்ரே, எட்டு. அந்த எட்டை அப்படியே உறையில் போட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. பத்தும் பன்னிரண்டும் வேகக்கூடிய ட்ரேக்கள் பின்னர் வந்திருந்தாலும் எட்டுப் பன் ட்ரேயே பெருவழக்காக நிலைத்துவிட்டது. பத்து வேண்டும் என்று ஒரு பேக்கரிக்காரர் நினைத்தால், ட்ரே மட்டுமன்று, மாவு விழும் இடைவெளி, பிளக்கும் கத்தி, உறையிடும் இயந்திரம், உறையின் அளவு, லாரியில் அடுக்கும் பெட்டி எல்லாமே மாற வேண்டும். எட்டுப் பன்னுக்கு எட்டுப் பன்னை இரண்டு பேர் கையால் பிரித்துச் சேர்த்துப் பத்தாக்கலாம் என்றால், கூலி பன்னின் விலையைத் தின்றுவிடும்.

ஒரு தொழில் தராசைப் பார்த்து எண்ணுகிறது. மற்றொரு தொழில் அடுப்பைப் பார்த்து எண்ணுகிறது. இரண்டும் தத்தமக்குள் சரியே. முன்பு எடுத்த ஒரு முடிவு, அதற்கான காரணம் மறைந்த பின்னும் இயந்திரங்களிலும் பழக்கத்திலும் புகுந்து நிலைத்துவிடுவதைப் பொருளியலார் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். தட்டச்சுப் பலகையின் எழுத்து வரிசையை எடுத்துக்கொண்டு பால் டேவிட் 1985-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ் பெற்றது. அந்த வரிசையையும் யாரும் சூழ்ச்சி செய்து காப்பாற்றவில்லை. மாற்றும் செலவு ஒருவர் தலையில் விழும். மாற்றத்தின் பயன் எல்லோருக்கும் சிதறிப்போகும். எனவே எவரும் முந்துவதில்லை.

இதனால் பெரிய நட்டம் ஏதும் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாட்டுக் கணக்கில் இல்லை என்பதே என் விடை. அமெரிக்கச் சாசேஜ் தொழில் மன்றத்தின் மதிப்பீட்டின்படி சூலை 4, சுதந்திர நாளில் மட்டும் அம்மக்கள் 15 கோடி ஹாட் டாக் உண்கிறார்கள். அத்தனையும் பத்துப் பத்தாகக் கட்டியவை என்று கொண்டால் 1 கோடியே 50 இலட்சம் பொட்டலம். அவற்றுக்குரிய பன்கள் எட்டு எட்டாக என்றால் 1 கோடியே 87 இலட்சத்து 50 ஆயிரம் பொட்டலம். பேக்கரிகள் அதிகப்படியான பொட்டலங்களைச் செய்து அனுப்பினால் போதும். மொத்தத் தேவையும் மொத்த அளிப்பும் பிசகின்றிச் சமமாகும். விளையாட்டு அரங்கிலும் உணவு விடுதியிலும் நூற்றுக்கணக்கில் வாங்குபவர்களுக்கும் இச்சிக்கல் கிடையாது. நாற்பதின் மடங்குகள் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் சின்ன வீட்டில்தான். தனியாக வாழும் முதியவர், கணவனும் மனைவியும் மட்டும் உள்ள குடும்பம், கைக்காசை எண்ணிச் செலவிடும் தாய் ஆகியோருக்கே நாற்பது என்பது எட்டாத எண். அவர்களுக்கும் எந்தப் பண்டம் மீந்தாலும் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. பிரித்த சாசேஜ் பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வரை வைக்கலாம் என்பது அந்நாட்டு வேளாண்மைத் துறையின் அறிவுரை. பன்னோ இரண்டு மூன்று நாளில் வறண்டுவிடும். ஆகவே சாசேஜ் இரண்டு மீதியாவது பன் ஆறு மீதியாவதைவிட மேல். மீந்த சாசேஜை நறுக்கி அவரையோடு வேகவைத்து உண்பதும் அங்கே வழக்கம். உறைநிலைப் பெட்டி உள்ள வீட்டில் பன்னையும் உறையவைத்து, அடுத்த மாதம் எடுத்துச் சூடாக்கி, நாற்பது என்ற கணக்கை மெல்ல மெல்ல முடித்துவிடலாம். எனவே பத்துக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள பிசகைச் சரிசெய்வது பண்டசாலைதான். அந்தப் பண்டசாலையை வைத்திருக்கும் செலவு உற்பத்தியாளரிடமிருந்து வீட்டுக்காரியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு வசதி இல்லாதவள் மீதியைக் குப்பையில் போடுகிறாள். பொட்டலத்தின் மேல் நிகர எடை அச்சிட வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. இன்னொருவர் பொட்டலத்தோடு பொருந்த வேண்டும் என்று எச்சட்டமும் கேட்பதில்லை.

2021-இல் கனடா நாட்டில் ஹெய்ன்ஸ் நிறுவனம், இரண்டு எண்ணிக்கைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்று மக்களிடம் கையொப்பம் திரட்டியது. அது விளம்பரம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் யார் முன்வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெய்ன்ஸ் விற்பது தக்காளிச் சாஸ். மூன்றாவது நிரப்புப் பண்டத்தின் சொந்தக்காரர் அவர். ஹாட் டாக் பெருகினால் அவருக்கு இலாபம். ட்ரே மாற்றும் செலவோ அவருடையதன்று. பிறர் செலவில் சீர்திருத்தம் பேசுவது எளிது.

உண்மையில் இறங்கி வந்தவர்கள் இறைச்சித் தரப்பினரே. அதற்கும் காரணம் பெருந்தன்மையன்று. ட்ரேயின் குழியை மாற்றுவதைவிடச் சாசேஜின் பருமனை மாற்றுவது எளிது. அதே ஒரு பவுண்டைப் பத்துக்குப் பதில் எட்டாகப் பிரித்து, ஒன்று இரண்டு அவுன்ஸ் வீதம் பருத்த சாசேஜாகவும் பன்னின் முழு நீளத்துக்கு ஒத்த சாசேஜாகவும் செய்து பல நிறுவனங்கள் விற்கின்றன. பவுண்டு தப்பவில்லை, தராசு மாறவில்லை, எட்டுக்கு எட்டும் பொருந்திவிட்டது. ஆனால் பத்து உள்ள பழைய பொட்டலமும் போய்விடவில்லை. சிறிய சாசேஜை விரும்புவோருக்காக அதுவும் அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே எடை. எது எட்டு, எது பத்து என்பதை உறையின் மேலுள்ள சிறு எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.