ஒரே கூரையின் கீழ் குதிரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் குதிரைக் கதையை நேற்று இரண்டு தடவை படித்தேன். பாராட்டைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சண்டை.

உன் கதாநாயகி குதிரையைப் பார்க்க நிலா வெளிச்சத்தில், செர்ரி பூத்த தோட்டத்தைத் தாண்டி லாயத்துக்கு நடக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க நடக்கிறாள். எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இது ஜப்பானின் வடகிழக்கே, இவாத்தேயில் உள்ள தோனோ வட்டாரத்துக் கதை. யனகிதா குனியோ 1910-இல் வெளியிட்ட 'தோனோ மோனோகதாரி' என்ற கதைத் தொகுப்பில் 69-ஆவது. அந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீட்டை மகரியா என்பார்கள். 'ட' எழுத்தைப் போல வளைந்த வீடு. ஒரு பக்கம் மனிதர்கள், வளைவுக்கு அந்தப் பக்கம் குதிரை, இடையில் அடுப்பு இருக்கும் மண்தரை. கடுங்குளிரில் அடுப்புச் சூடு குதிரைக்கும் போகும். அந்தப் பெண் குதிரையைத் தேடிப் போகவே வேண்டாமப்பா! அவள் உலை வைக்கும்போது அது பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரவில் படுத்தால் அதன் மூச்சு கேட்கிறது. குதிரைமேல் அவளுக்குக் காதல் எப்படி வந்தது என்று வாசகன் கேட்கவே மாட்டான். நீ லாயத்தைத் தோட்டத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்ததில் கதைக்கு இருந்த காரணமே போய்விட்டது.

ஆங்கிலத்தில் ஜப்பானியக் கதை எழுதுகிறவர்கள் பலரும் ஊரை விட்டுவிட்டு மூடுபனியை எழுதுகிறார்கள். யனகிதாவுக்கு இந்தக் கதைகளைச் சொன்ன சசாகி கிசென் அந்த வட்டாரத்திலேயே பிறந்தவர். இன்ன வீடு, இன்ன குடும்பம் என்றுதான் சொல்வார். அதே தொகுப்பின் இன்னொரு கதையில், ஒரு வீட்டைவிட்டு அதைக் காத்துவந்த குழந்தைத் தெய்வங்கள் வெளியேறுகின்றன. பிறகு விஷக்காளான் தின்று குடும்பமே செத்துப்போகிறது. விளையாட்டில் சாப்பாட்டை மறந்த ஒரு சிறுமி மட்டும் மிச்சம். உடனே உறவு சொல்லிக்கொண்டு வந்தவர்கள் வீட்டிலிருந்த மிசோ என்ற சோயா விழுது வரை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்த மிசோ இல்லாவிட்டால் தெய்வங்களையும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தோனோவுக்கு நான் போனபோது, ஓஷிராசாமா என்ற தெய்வத்தின் பொம்மைகள் சுவர் நிறைய இருக்கும் சின்ன அறையில் வெகுநேரம் நின்றேன். முசுக்கட்டைக் குச்சியில் செதுக்கிய குதிரைத் தலை, பெண் தலை. மேலே துணிக்கு மேல் துணி. வருகிறவர்கள் துணியில் வேண்டுதலை எழுதிப் போர்த்திவிட்டுப் போகிறார்கள். உன் கதையில் பிறந்த தெய்வம் அதுதான். நீ அதைச் சொல்லவே இல்லை.

முடிவில் அப்பனை ஏன் அழ வைத்தாய்? தோனோ கதையில் அவன் குதிரையை முசுக்கட்டை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்கிறான். மகள் அதைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து ஆத்திரத்தில் கோடாலியால் தலையையும் வெட்டுகிறான். அவள் அந்தத் தலையோடு வானத்துக்குப் போய்விடுகிறாள். அவன் திருந்தியதாகக் கதையில் இல்லை.

இனி பாராட்டு. செத்த குதிரையின் பிடரிமயிரை அவள் விரலால் கோதிச் சிக்கெடுக்கிறாளே, அந்தப் பத்தி மகத்தானது. அண்மையில் இதற்கு இணையாக எதையும் நான் படிக்கவில்லை. அதில் ஒரு சொல்லைத் தொட்டாலும் உன்னோடு பேச மாட்டேன்.

மற்றதைத் திருத்து. தோட்டத்தை எடுத்துவிடு, அப்பனின் கண்ணீரை எடுத்துவிடு, சசாகி கிசெனின் பெயரைக் கதைக்குக் கீழே போடு. அதற்கு முன்னால் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பாதே.

அன்புடன்,
அண்ணன்