வாய்க்கால்நீரிலும் குழாய்நீரிலும் பொசுபேற்றை அளத்தல்



வயலிலிடும் பசளை முழுவதும் பயிருக்கே சேருகின்றதென எண்ணுதல் தவறு. பொசுபேற்று மண்துகள்களை இறுகப் பற்றி நிற்கும் இயல்புடையது. ஆயினும் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும்போது பொசுபேற்றும் உடன்செல்லும். நீர்நிலையை அடைந்ததும் அது அல்காக்களுக்கு உணவாகின்றது. 1807 இல் அமைக்கப்பட்ட கண்டி வாவியில், 1999 இல் மைக்குரோசித்திசு என்னும் நச்சுத்தன்மை வாய்ந்த அல்கா பெருகி நீரைப் பச்சையாக்கியது. வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல வழியாக மகாவலி கங்கையைச் சேர்கின்றது.

நீர் மாதிரி எடுத்தல்

நான்கு போத்தல்கள் போதுமானவை: வயலுக்குள் வரும் நீர், வயலிலிருந்து வெளியேறும் நீர், கிணற்றுநீர், குழாய்நீர். போத்தல்களைச் சவர்க்காரத்தாற் கழுவவேண்டாம். சவர்க்காரத்தூளிற் பொசுபேற்று இருத்தல் கூடும். எடுக்கும் நீராலேயே மும்முறை அலசுக. குழாய்நீரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டபின் எடுக்க. கலங்கிய நீரை வடித்துக்கொள்க. அன்றைய தினமே சோதித்தல் நன்று.

சோதிக்கும் முறை

இச்சோதனையிற் சல்பூரிக்கமிலம் பயன்படுவதால், பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

1. 0.1433 கிராம் பொட்டாசியம் இருஐதரசன் பொசுபேற்றை ஒரு இலீற்றர் காய்ச்சிவடித்த நீரிற் கரைக்க. அதில் 10 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் ஒரு இலீற்றராக்குக. இந்நியமக் கரைசலில் இலீற்றருக்கு 1 மில்லிகிராம் பொசுபேற்று உண்டு.

2. காய்ச்சிவடித்த நீர், நியமக் கரைசல், உங்கள் மாதிரிகள் ஆகிய ஒவ்வொன்றிலும் 50 மில்லிலீற்றருக்கு, அமோனியம் மொலித்தேற்றும் அசுக்கோபிக்கமிலமும் கொண்ட சோதனைக் கலவை 8 மில்லிலீற்றர் சேர்க்க. பொசுபேற்று இருப்பின் நீலநிறம் தோன்றும்.

3. பத்து நிமிடங்கள் கழிந்தபின், அரைமணிக்குள், நிறமானியில் வாசிப்பெடுக்க. நீலக்கரைசல் செவ்வொளியை உறிஞ்சுவதாற் செந்நிற விளக்கையே பயன்படுத்துக. காய்ச்சிவடித்த நீரின் வாசிப்பைப் பூச்சியமாகக் கொள்க.

கணக்கிடுதல்

உறிஞ்சல் பொசுபேற்றின் அளவுக்கேற்பக் கூடும். நியமக் கரைசல் 0.15 உம் மாதிரி 0.06 உம் காட்டின், மாதிரியில் இலீற்றருக்கு 0.4 மில்லிகிராம் பொசுபேற்று உண்டு. இதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே பொசுபரசு.

விளைவை விளங்கிக்கொள்ளல்

இச்சிறு அளவு குடிப்போருக்கு நஞ்சன்று. ஆயினும் கிணற்றுநீரில் அது திடீரெனக் கூடின், மலசலகூடக் கழிவோ பசளையோ கலந்திருக்கலாமென ஐயுறுக. பொசுபேற்றுக் குறைந்த நீர் கிருமியற்றதென நம்பிவிடவும் வேண்டாம். கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தே பருகுக.

வெளியேறும் நீரில் உள்வரும் நீரைவிடப் பொசுபேற்று மிகுந்திருப்பின், உங்கள் பணமே வாய்க்காலில் ஓடுகின்றது. பசளையிட்டபின் சில நாட்களுக்கு வயலின் வாய்க்கடையை அடைத்துவைக்க. சரிவான மரக்கறித் தோட்டங்களிற் சமவுயரக்கோட்டு வழியே கல்லணை கட்டுக. மண்ணைச் சோதிப்பித்து, விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவுக்கு மேற் பசளையிடாது விடுக.

நிலத்தின் வளம் நிலத்திலேயே நிற்பின், கமக்காரனுக்கு இலாபம்; கீழேயுள்ளோருக்குத் தெளிந்த நீர்.