கொல்லைக்கு வரும் குருவி எது? விரட்டுமுன் இனங்கண்டு கொள்ளுங்கள்

காலையில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதும், அறுவடையானதும் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி வாசல் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதும் நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியிலும் இவ்வழக்கம் விட்டுப்போகவில்லை. இதனை அடுத்துள்ள மீஞ்சூர், காட்டூர் பக்கம் நெல் பயிரிடும் சிறு விவசாயிகளின் கொல்லைகளுக்கும் பல பறவைகள் நாள்தோறும் வந்து போகின்றன.

ஆனால் சிறிதாக இருப்பதை எல்லாம் 'குருவி' என்று ஒரே பெயரால் அழைத்து விடுகிறோம். இதனால் நேரும் தவறு பெரிது. கதிரைத் தின்பது ஒரு பறவை; கல்லடி படுவது வேறொரு பறவை. கொல்லைக்கு வரும் பறவையே வயலுக்கும் வருகிறது. ஆகவே கொல்லையில் அதனை இனங்கண்டு கொண்டால், வயலில் எதை விரட்டுவது, எதை விட்டுவைப்பது என்பது தெளிவாகும்.

எப்படிப் பார்ப்பது?

பறவையின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முதலில் அளவைப் பார்க்கவும். சிட்டுக்குருவி, மைனா, காக்கை ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம். அடுத்து அலகைப் பார்க்கவும். தடித்துக் குட்டையான கூம்பு அலகு தானியம் உடைப்பதற்கு. மெல்லிய கூரிய அலகு பூச்சி பிடிப்பதற்கு. பின்னர் வாலின் அமைப்பு, தத்துகிறதா நடக்கிறதா, தனியாக வருகிறதா கூட்டமாக வருகிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றுபோல் தோன்றும் மூன்று

கதிர்க் குஞ்சத்துக்கு வரும் சிறு பறவைகளில் மூன்று இனங்களைப் பலரும் குழப்பிக் கொள்கிறார்கள்.

சிட்டுக்குருவி: சுமார் 15 செ.மீ. நீளம் இருக்கும். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், தொண்டையில் கறுப்புத் திட்டு. பெண்ணுக்குக் கறுப்புத் திட்டு இல்லை. கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு உண்டு. ஓட்டு வீடுகள், மளிகைக் கடைகளின் அருகில் மனிதரை ஒட்டியே வாழும்.

தூக்கணாங்குருவி: இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் மார்பும் பளிச்சென்ற மஞ்சள், முகம் கறுப்பு. மற்ற மாதங்களில் ஆணும் பெண்ணும் பெண் சிட்டுக்குருவியைப் போலவே இருக்கும். அப்போது இன்னும் தடித்த அலகையும், குட்டை வாலையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். பனை மரத்தில் தொங்கும் சுரைக்குடுவை போன்ற கூடு இதனுடையது.

சில்லை: இதனைத் தினைக்குருவி என்றும் சொல்வதுண்டு. சிட்டுக்குருவியை விடச் சிறியது. புள்ளிச் சில்லைக்கு முதுகு பழுப்பு; வெண்மையான வயிற்றில் மீன் செதிள் போன்ற கோடுகள் இருக்கும். முக்கோண வடிவில் கனத்த அலகு. கூட்டமாக வந்து, கூட்டமாகவே எழும்பும்.

இம்மூன்றும் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் கதிரில் இறங்குவது உண்மையே. ஆனால் சிட்டுக்குருவி தன் குஞ்சுகளைப் புழு, பூச்சிகளை ஊட்டியே வளர்க்கிறது. தூக்கணாங்குருவியும் குஞ்சுகளுக்குப் பூச்சி ஊட்டும். சில்லை மட்டும் பெரும்பாலும் விதைகளையே நம்பி வாழும்.

தானியம் தொடாத நண்பர்கள்

கரிச்சான் முழுக் கறுப்பு. வால் இரண்டாகப் பிளந்திருக்கும். கொல்லைக்கு வந்தாலும் சோற்றைத் தொடாது. கம்பியில் அமர்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். வெண்மையான கண்களுடன் ஆறேழாகக் கூடிக் கத்திக்கொண்டு சருகைக் கிளறுவது தவிட்டுக்குருவி. சோற்றுப் பருக்கையை எடுத்தாலும், சருகில் அது தேடுவது பூச்சியைத்தான். மைனாவுக்குக் கண்ணைச் சுற்றியும் அலகும் காலும் மஞ்சள். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும். உழும்போது ஏரின் பின்னால் நடந்து புழுக்களைப் பொறுக்கும். செம்பழுப்பு இறக்கையும் சிவந்த கண்ணும் கொண்ட செண்பகம் கம்பளிப்புழு, நத்தை, எலிக்குஞ்சு ஆகியவற்றைத் தின்னும். இரவில் வரும் கூகைக்கு எலியே முக்கிய உணவு. வெண்மையான இதய வடிவ முகத்தைக் கண்டு அபசகுனம் என்று விரட்ட வேண்டாம்.

இனம் அறியாமல் அழித்ததன் விளைவு

சீனாவில் 1958-ல் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் நாட்டின் எதிரியாக அறிவித்து, ஊர்தோறும் மேளம் கொட்டி விரட்டிக் கொன்றார்கள். குருவி தின்னும் தானியத்தைக் கணக்கிட்டவர்கள், அது தின்னும் பூச்சியைக் கணக்கிடவில்லை. வயல்களில் பூச்சிகள் பெருகின. 1960-ல் குருவியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று நிலைமை தலைகீழ். சென்னையில் 'கூடுகள்' அறக்கட்டளை பள்ளி மாணவர்களைக் கொண்டு சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டிக் கூடுகள் செய்து வைத்து வருகிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பூச்சி தின்னும் பறவைகள் அமர, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குச்சிகளை வயலில் நடலாம். பால் பிடிக்கும் பருவம் வந்ததும் அவற்றை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கு அதுவே வசதியாகிவிடும்.

2. பால் பிடித்தது முதல் அறுவடை வரை காலையிலும் மாலையிலும் காவல் அவசியம். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் ஒலித்து, வெயிலில் மின்னிக் குருவிகளை விரட்டும். ஒரே இடத்தில் விட்டால் பழகிவிடும். அடிக்கடி இடம் மாற்றவும்.

3. சிங்க் பாஸ்பைடு கலந்த எலி மருந்தைத் திறந்த வெளியில் வைக்கக் கூடாது. வளைக்குள் வைத்து மண்ணால் மூடவும். அந்தத் தானியத்தைத் தின்னும் புறாவும் குருவியும் மடியும். வீட்டுக் கோழிக்கும் அதே கதிதான்.

4. மருந்து கலந்து நேர்த்தி செய்த விதையைக் கொல்லையில் உலர்த்தும்போது ஒருவர் காவல் இருக்க வேண்டும். மீந்த விதையைப் பறவைகளுக்குப் போடவே கூடாது.

5. கொல்லையில் ஆழமில்லாத மண் சட்டியில் தண்ணீர் வைக்கவும். நிலக்கரித் தூசி படியும் பகுதிகளில் நாள்தோறும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுவது நல்லது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகுகளிலும் அது படிந்ததைக் கண்டோம். நல்ல தண்ணீருக்குப் பறவைகள் நம் சட்டியையும் நம்பியிருக்கின்றன.

ஒரு பழக்கம்

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வாரம் ஒருநாள் காலையில் 15 நிமிடம் கொல்லையில் அமர்ந்து, வந்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகு, வால் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளையும் உடன் வைத்துக் கொள்ளலாம். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பிலும் இதே முறையில்தான் பார்த்து எழுதுகிறார்கள்.

ஓராண்டு முடிவில் நோட்டைப் புரட்டினால், எந்த மாதத்தில் சில்லைக் கூட்டம் வருகிறது, எப்போது கரிச்சான் அமர்கிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அடுத்த போகத்தில் எப்போது காவல் போடுவது என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.